எல்லாம் மாயை என்றால் காலையில் எழுந்து எதற்கு வேலைக்குப் போவது?

2023 அக்டோபர் 9, மாலை 6:40 (கேள்வி)

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வயது 28. ஜூன் மாதம் அப்பா இறந்துவிட்டார். அவருக்கு 58. முப்பத்தைந்து வருஷம் தோல் தொழிற்சாலையில் இருந்தார், பாதி நாள் சுண்ணாம்புத் தொட்டியில். வீட்டில் நடந்த ஜெபத்தில் பைபிளின் பிரசங்கி புத்தகத்திலிருந்து முதல் அதிகாரம் வாசித்தார்கள். "மாயை, மாயை, எல்லாம் மாயை." அன்றிலிருந்து வேலைக்குப் போனால் கை ஓடவில்லை. அப்பா பட்ட பாடும் மாயை, நான் தினம் எழுதும் ஜோடிக் கணக்கும் மாயை என்றால், பைபிள் என்னதான் சொல்ல வருகிறது? ஆறுதல் வார்த்தை வேண்டாம், அது நிறையக் கிடைத்துவிட்டது.

2023 அக்டோபர் 9, இரவு 10:15 (பதில்)

முதலில் அந்த 'மாயை'யைக் கொஞ்சம் தள்ளி வை. (நீ என் மகனைவிடச் சின்னவன், அதனால் நீ என்றே சொல்கிறேன்.) எபிரெய மொழியில் அங்கே இருக்கும் சொல் 'ஹெவெல்'. மூச்சு, ஆவி என்று பொருள். அந்தப் புத்தகத்தில் மட்டும் 38 தடவை வருகிறது. நமக்கு மாயை என்றதும் கயிறு பாம்பாகத் தெரிகிற வேதாந்தக் கதைதான் ஞாபகம் வரும், அதாவது இல்லாத ஒன்று இருப்பதுபோல் தோன்றுவது. ஹெவெல் அது இல்லை. மார்கழியில் விடியற்காலை காட்பாடி ஸ்டேஷனில் டீ வாங்கினால் கிளாஸிலிருந்து ஆவி எழும்புமே, அது பொய்யா? முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் சூடு படும். ஆனால் பிடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள முடியாது. பிரசங்கி சொல்வது இந்த அளவுக்குத்தான்.

என் மனைவி கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அவள் கொண்டுவந்த திருவிவிலியத்தில் இந்தப் புத்தகத்தின் பெயரே 'சபை உரையாளர்'. அதில் மாயை கிடையாது, 'வீண்' என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு அது இன்னும் மோசமாகப் படுகிறது. உன் அப்பாவின் முப்பத்தைந்து வருஷத்தைக் காட்டி வீண் என்று ஒருவன் சொன்னால் கை ஓங்கத் தோன்றாதா?

இன்னொன்று. காயீன் கொன்றானே அவன் தம்பி ஆபேல், எபிரெயத்தில் அவன் பெயரும் ஹெவெல்தான். பைபிளில் முதலில் செத்தவனுக்கு மூச்சு என்று பெயர்.

2023 அக்டோபர் 10, காலை 5:50

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன், பைபிள் ஸ்கூல் பாடம் மாதிரி இருக்கிறது. நான் யார் என்று சொல்லாமல் பேசினால் அப்படித்தான் இருக்கும்.

நான் செருப்புத் தைத்தவன். கடைச் செருப்பு இல்லை. வேலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையின் செருப்புக் கூடத்தில் 1984 முதல் 2015 வரை, தொழுநோய் வந்து காலில் உணர்ச்சி போனவர்களுக்காகத் தைத்தேன். அந்தக் காலுக்கு முள் குத்தினாலும் தெரியாது, தார் ரோடு சுட்டாலும் தெரியாது. உணர்ச்சி இல்லாமல் புண் வருகிறது, புண் தெரியாமல் அதன்மேலேயே நடக்கிறார்கள், விரல் போகிறது. நோய் விரலைத் தின்னுகிறது என்று ஊரில் சொல்வார்கள். அப்படி இல்லை, வலி இல்லாததுதான் தின்னுகிறது. 1946இல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்ட் இதைப் பிடித்துக்கொண்டார். நோயாளிகளின் கையில் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தவர், செருப்பு வரைக்கும் இறங்கி வந்து யோசித்தார்.

அந்தச் செருப்புக்கு எம்.சி.ஆர். என்று பெயர், மைக்ரோ செல்லுலர் ரப்பர். பத்து மில்லி மீட்டர் தடிமன் இருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கினால் பாதியாக அமுங்க வேண்டும், விட்டதும் எழும்ப வேண்டும். அந்த அளவு அமுங்காவிட்டால் காலுக்கு மெத்தை இல்லை, அதற்கு மேல் அமுங்கினால் காலைத் தாங்காது. அடியில் அந்தக் காலத்தில் கார் டயர். குதிகாலுக்குப் பின்னால் கட்டாயம் ஒரு வார், ஏனென்றால் செருப்பு கழன்று போனதே தெரியாமல் அரை மைல் நடந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். பக்கிள் கிடையாது, வெல்க்ரோதான். விரலும் பாதி மரத்திருக்குமே. முக்கியமானது, ஆணி கூடவே கூடாது. தையலும் சொல்யூஷனும் மட்டும்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தைத்த செருப்பு எத்தனை நாள் வரும்? நன்றாக நடக்கிற ஆளுக்கு ஒரு வருஷம். அப்புறம் ரப்பர் சப்பையாகிவிடும், திரும்ப வருவார், திரும்பத் தைக்க வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் நான் தைத்த ஒரு செருப்பு இன்று எங்கேயும் இல்லை. எல்லாம் குப்பையில்தான். ஹெவெல் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

2023 அக்டோபர் 10, மதியம்

சாலொமோன் ராஜா எழுதியதை நீ எப்படி வியாக்கியானம் பண்ணலாம் என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். புத்தகத்தைத் திறந்து பாருங்கள், "தாவீதின் குமாரனும் எருசலேமின் ராஜாவுமாகிய பிரசங்கி" என்றுதான் இருக்கிறது. சாலொமோன் என்ற பெயர் பன்னிரண்டு அதிகாரத்திலும் ஒரு இடத்தில்கூட இல்லை. பாரசீகச் சொல்லெல்லாம் கலந்த பிற்கால எபிரெயம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்த ராஜா வேஷம் முக்கியமில்லை. எல்லாம் கட்டி, எல்லாம் நட்டு, எல்லாம் சேர்த்துவிட்டு ஒரு ஆள் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறான். அது ராஜாவாக இருந்தால் என்ன, ரிட்டயர்டு தாசில்தாராக இருந்தால் என்ன.

2023 அக்டோபர் 12, இரவு

தம்பி கேட்டதற்கு நேரடிப் பதில் இன்னும் வரவில்லை என்கிறார்கள். சரி.

அதே புத்தகத்தில் ஒன்பதாம் அதிகாரம், பத்தாம் வசனம்: "செய்யும்படி உன் கைக்கு நேரிடுவது எதுவோ, அதை உன் பெலத்தோடே செய், நீ போகிற பாதாளத்திலே செய்கைகளும் வித்தையும் அறிவும் ஞானமும் இல்லையே." பாதிப் பேர் முதல் பாதியை மட்டும் காலண்டரில் அச்சடித்துக் கொடுப்பார்கள். இரண்டாம் பாதிதான் காரணம். சாகப்போகிறாய், அங்கே போனால் வேலை இல்லை, அதனால் இப்போது செய். பேர் நிற்கும், கூலி கிடைக்கும், பரலோகத்தில் கிரீடம் என்றெல்லாம் அந்த வசனத்தில் இல்லை. கைக்கு வந்தது எதுவோ அது, அவ்வளவுதான்.

என் கைக்கு வந்தது செருப்பு. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு செருப்பில் ஒரு ஆணியை நான் விட்டதில்லை. அதுதான் என் பிரசங்கம்.

2023 அக்டோபர் 13, காலை

பேரணாம்பட்டுக்காரர் ஒருவர் நல்ல அடி கொடுத்திருக்கிறார். அவர் வேலை பார்த்த இடத்தில் முதலாளி அறைக்கு வெளியே இதே வசனத்தை, இதே முதல் பாதியை, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்களாம். ஓவர்டைம் கேட்டால் விரலால் அதைக் காட்டுவாராம் மேஸ்திரி.

ஒப்புக்கொள்கிறேன். இந்த வசனத்தை யார் வாயில் வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பென்ஷன் வாங்கும் நான் சொன்னால் ஒரு மாதிரி, சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பவன் சொன்னால் வேறு மாதிரி. பிரசங்கிக்கே அது தெரியும். நாலாம் அதிகாரத்தில் "ஒடுக்கப்பட்டவர்களின் கண்ணீரைக் கண்டேன், அவர்களைத் தேற்றுவாரில்லை" என்கிறான், அதே வசனத்தில் திரும்பவும் தேற்றுவாரில்லை என்கிறான். அதைக் கண்ணாடி போட்டு மாட்டுகிற முதலாளியை நான் பார்த்ததில்லை.

2023 அக்டோபர் 13, இரவு 9 மணிக்கு மேல்

காலையில் எழுதியது போதாது.

என் தாத்தாவும் தோல் தொழிற்சாலைதான், பேரணாம்பட்டில். அது ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலம், குரோம் எல்லாம் வருவதற்கு முன்னால். அவர் உள்ளங்கை ரேகையெல்லாம் பழுப்பாக இருக்கும், எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. கல்யாணப் பந்தியில் அந்தக் கையைப் பார்த்துவிட்டு இலையைத் தள்ளிப் போட்டார்கள் என்று என் அப்பா சொல்வார். நாங்கள் எந்த ஆட்கள் என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை, இந்த மாவட்டத்தில் தோல் என்றாலே எல்லாருக்கும் புரியும். நான் மெட்ரிக் முடித்ததும் "எந்த வேலை வேணும்னாலும் போ, தோலை மட்டும் தொடாதே" என்றார் அப்பா. நான் போய்ச் சேர்ந்தது செருப்புக் கூடத்தில், அதுவும் தொழுநோயாளி காலைத் தொட்டு அளவெடுக்கிற வேலை. ஆறு மாதம் என்னிடம் அவர் பேசவில்லை.

அதனால் வேலையே பாக்கியம் என்று வாய் கூசாமல் என்னால் சொல்ல முடியாது. ஆதியாகமத்தில் வேலை இரண்டு தடவை வருகிறது. இரண்டாம் அதிகாரத்தில், சாபத்துக்கு முன்னாலேயே, தோட்டத்தைப் "பண்படுத்தவும் காக்கவும்" மனுஷனை வைத்தார். மூன்றாம் அதிகாரத்தில் "முகத்தின் வேர்வையால்". நம் ஜனங்களுக்கு மூன்றாம் அதிகாரம் மட்டும்தான் தலைமுறை தலைமுறையாகக் கிடைத்தது. இரண்டாம் அதிகாரத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

கோபத்தில் எழுதுகிறேன், நிறுத்துகிறேன்.

2023 அக்டோபர் 14

தோல் பற்றிப் பேசியதால் ஒன்று. அப்போஸ்தலர் நடபடிகளில் இயேசுவின் சீடன் பேதுரு யோப்பா பட்டணத்தில் அநேக நாள் யார் வீட்டில் தங்கினான்? தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில். கடலோரத்தில் வீடு. அந்த வீட்டு மாடியில்தான் அவனுக்குத் தரிசனம் வருகிறது: "தேவன் சுத்தமாக்கினவைகளை நீ தீட்டாக எண்ணாதே." நாற்றமடிக்கிற டேனரி வீட்டு மாடியில் நின்றுகொண்டு! அறுபது வருஷமாகக் கோயிலுக்குப் போகிறேன், தோல் தொழிற்சாலை சூழ்ந்த ஊரில் இதை வைத்து ஒரு ஆயர் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை.

2023 அக்டோபர் 17

விஷயம் எங்கெங்கோ போய்விட்டது, பாலாற்றுக்கும் போய்விட்டது. "எல்லா நதிகளும் சமுத்திரத்திலே ஓடி விழுந்தும் சமுத்திரம் நிரம்பாது" என்ற வசனத்துக்கு, நம் பாலாறு எங்கே சமுத்திரத்துக்குப் போகிறது, அது லாரியில் ஏறிக் கட்டடத்துக்குப் போகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சிரித்துவிட்டேன்.

வேலூரைப் பற்றிச் சின்ன வயதில் ஒரு வசனம் சொல்வார்கள்: கடவுள் இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. பிரசங்கி வேலூர்க்காரனாக இருந்திருந்தால் இதைத்தான் முதல் அதிகாரமாக வைத்திருப்பான். ஆனால் 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் திரும்ப லிங்கம் வைத்தார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனது, நானே பாலத்தில் நின்று பார்த்தேன், பக்கத்தில் ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆக அந்த வசனமே நிற்கவில்லை. மாயை என்று சொன்ன பேச்சுக்கும் ஆயுசு கொஞ்சம்தான்.

மலையில் மட்டும் இன்னும் மரம் இல்லை.

2023 அக்டோபர் 21

தம்பி திரும்ப வந்து கேட்டிருக்கிறார்: வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் மாதிரி ஆட்களுக்கு வேலையில் அர்த்தம் இருக்கும், லைன் சூப்பர்வைசருக்கு என்ன இருக்கிறது? நியாயமான கேள்வி. இன்னொருவர் அந்த மூன்று கதவுத்தட்டல் கதையை எடுத்துப் போட்டு 'நம்ம வேலூரில் நடந்தது' என்கிறார். வேலூரில் இல்லை, திண்டிவனத்தில். ஒரே ராத்திரி ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து, மூன்று பேர் வந்து பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஐடாவின் அப்பா டாக்டர், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். இந்தக் கதையை நம் பள்ளிக்கூடத்திலெல்லாம் எப்படிச் சொல்வார்கள்? அதனால் அவர் படித்துவிட்டு வந்தார், 1900இல் ஒரே படுக்கையோடு தொடங்கினார், 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி, இன்று இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி என்று. சரிதான். ஆனால் அந்த மூன்று பெண்களுக்கு என்ன கிடைத்தது? அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. அர்த்தத்தை எப்போதும் பிழைத்தவர்கள்தான் எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் கதையில் சங்கடம் அங்கேதான்.

பெரியவர்களுக்கும் முடிந்த வேலை கிடையாது தம்பி. 90ஆம் சங்கீதத்தின் தலைப்பைப் பார், "தேவனுடைய மனுஷனாகிய மோசேயின் ஜெபம்". நாற்பது வருஷம் ஜனத்தை நடத்திவிட்டு, கானானை மலைமேலிருந்து கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுச் செத்தவன். அந்தச் சங்கீதம் முழுக்கச் சாவுதான். ஆயுசு எழுபது வருஷம், பெலம் இருந்தால் எண்பது. (எனக்கு 66. கணக்குப் போட்டுக்கொள்.) "எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்" என்பது நடுவில். இப்படியே போய், கடைசி வரி என்ன தெரியுமா? "எங்கள் கைகளின் கிரியையை எங்களிடத்தில் உறுதிப்படுத்தியருளும்." அதையே இரண்டு தரம் கேட்கிறான். எங்களைச் சாகாமல் வை என்று கேட்கவில்லை.

இந்த மோசேயோடு எனக்கு ஒரு தொழில் தகராறு உண்டு. உபாகமம் 29இல், நாற்பது வருஷம் நடந்தும் அவர்கள் "காலிலிருந்த பாதரட்சைகள் பழையதாய்ப் போகவும் இல்லை" என்று வருகிறது. செருப்புக் கூடத்தில் நாங்கள் இதை வாசித்துவிட்டுச் சிரிப்போம். ஆறு லட்சம் பேர், நாற்பது வருஷம், ஒரு ஜோடிகூட ரிப்பேருக்கு வரவில்லை! எங்கள் பிழைப்பு என்ன ஆவது?

2023 அக்டோபர் 22

உங்களுக்குச் சந்தோஷமே கிடைத்ததில்லையா, எப்போதும் சாவைப் பற்றியே பேசுகிறீர்கள் என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். கிடைத்தது. சொல்கிறேன்.

எம்.சி.ஆர். செருப்பில் ஒரு பெரிய குறை, அதைப் பார்த்தாலே ஊருக்குத் தெரிந்துவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். நிறையப் பேர் வாசல் வரை எங்கள் செருப்பில் வந்து, பஸ் ஸ்டாண்டில் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு போவார்கள். புண்ணோடு திரும்பி வருவார்கள்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, பீடி சுற்றுகிறவர். மகளுக்குக் கல்யாணம். "தம்பி, கடைச் செருப்பு மாறியே ஒண்ணு செஞ்சி குடு. மேடையில யாரும் என் காலப் பாக்கக் கூடாது." பத்து நாள் அதோடு மல்லுக்கட்டினேன். மேலே மெரூன் கலர் தோல், வாரில் சின்னதாக ஒரு பூ, பின்வாரை அகலம் குறைத்துப் புடவைக்குள் மறைகிற மாதிரி, மெத்தை ரப்பரின் விளிம்பு தெரியாமல் சுற்றிலும் தோல் மடித்து ஒட்டினேன். மை தடவிய ரப்பர் விரிப்பில் அவரை நடக்கவைத்துத் தடம் எடுத்து, எந்த இடம் கறுப்பாக விழுகிறதோ அங்கே அடியில் கொஞ்சம் சீவி, மறுபடி மறுபடி பார்த்தேன்.

கல்யாணம் முடிந்து நாலாம் நாள் வந்தார். காலில் செருப்பு இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அவர் ஒரே சிரிப்பு, உட்கார்ந்து சிரிக்கிறார். "மண்டபத்துல வாசல்ல விட்டன். எவளோ எட்துகினு பூட்டா!"

என் செருப்பைத் திருடிவிட்டார்கள். திருடுகிற அளவுக்கு அது வெறும் செருப்பாக இருந்திருக்கிறது. முப்பத்தொரு வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சர்ட்டிபிகேட் அதுதான், யார் கொடுத்தது என்றும் தெரியாது. அந்த அம்மா அப்புறம் கூடத்துக்கு வந்து போன காலம் முழுக்க இதையே சொல்லிச் சிரிப்பார். ஆரம்பத்தில் என்னைச் செருப்புக்காரத் தம்பி என்பார், கடைசியில் செருப்புக்கார ஐயா என்றார். இடையில் எத்தனை ஜோடி ஆயிற்று என்று எண்ணவில்லை.

2023 அக்டோபர் 24, விடியற்காலை

12ஆம் தேதி எழுதியதில் ஒன்று பொய். அதைத் திருத்தாமல் இந்த இழையில் மேற்கொண்டு எழுத எனக்கு வாய் வரவில்லை.

ஒரு ஆணியைக்கூட விட்டதில்லை என்றேன். விட்டேன். 1991.

செருப்பில் ஆணி இருக்கக் கூடாது, ஆனால் டயர் அடியை ஒட்டும்போது சொல்யூஷன் காயும் வரை நகராமல் இருக்க மூன்று குட்டை ஆணியை லேசாக அடித்து வைப்போம். காய்ந்ததும் பிடுங்கிவிட வேண்டும். அன்றைக்குப் பதவி உயர்வுப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். என் பெயர் இல்லை, எனக்கு அப்புறம் வந்தவன் பெயர் இருந்தது. தலை கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு ஆணியைப் பிடுங்கினேன். மூன்றாவதைப் பிடுங்கியதாகத்தான் என் ஞாபகம், இன்றைக்கும் அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

திருவண்ணாமலைப் பக்கத்து ஆள், மல்லாட்டை (வேர்க்கடலை) போடுகிற விவசாயி. ஆறு வாரம் கழித்து வந்தார். ஆணி ரப்பரைத் தாண்டி, முன்பாதத்தில் ஏறியிருந்தது. அதோடு ஆறு வாரம் ஏர் பின்னால் நடந்திருக்கிறார். இரண்டு விரலை எடுத்தார்கள்.

நான் வார்டுக்குப் போய்க் காலடியில் நின்றேன். சொல்ல எதுவும் வரவில்லை. அவர்தான் பேசினார். "எனக்கே தெரியல தம்பி, உனக்கு எப்படித் தெரியும்?"

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் ஆணியை டப்பாவிலிருந்து எண்ணி எடுப்பேன், மூடியில் எண்ணி வைப்பேன், சாயங்காலம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள், பாங்க் கேஷியர் என்று. ரிட்டயர் ஆகிற நாள் வரைக்கும் எண்ணினேன்.

தம்பி, வேலை மூச்சுதான், நிற்காதது என்று நான் முதல் நாள் அவ்வளவு சுலபமாகச் சொன்னேனே, அதில் இதைச் சேர்த்துக்கொள். நன்றாகச் செய்த ஆயிரம் ஜோடியும் குப்பைக்குப் போய்விட்டன. தப்பாகச் செய்த ஒன்று மட்டும் ஒரு மனிதன் காலில் அவன் சாகிற வரைக்கும் இருந்தது. பிரசங்கி இந்தக் கணக்கை எழுதவில்லை. அல்லது எழுதி, எனக்குக் கண்ணில் படவில்லை.

2023 அக்டோபர் 24, மதியம்

பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஞானிகளின் வாக்கியங்கள் "அறையப்பட்ட ஆணிகள்போலவும்" இருக்கிறது என்று வருவதை ஒருவர் காட்டினார். தெரியும். 1991க்குப் பிறகு அந்த வசனம் வந்தால் நான் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

2023 அக்டோபர் 25

உங்களை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று யாரும் எழுத வேண்டாம். நான் அதற்காக எழுதவில்லை.

2023 அக்டோபர் 29

தம்பி இப்போது வேறு மாதிரி கேட்கிறார்: நம் வேலை நமக்கப்புறம் என்ன ஆகும்? பிரசங்கியும் அதைக் கேட்டுப் புலம்புகிறான், இரண்டாம் அதிகாரம். பின்னால் வருகிறவன் "புத்திமானாயிருப்பானோ, மூடனாயிருப்பானோ, அதை யார் அறிவார்?"

என் விஷயத்தில் இன்னும் வேடிக்கை. என் வேலை ஒழிந்து போக வேண்டும் என்பதுதான் எல்லாருடைய ஆசையும். 1982 முதல் கூட்டு மருந்து வந்தது, நோயாளிகள் எண்ணிக்கை விழுந்தது, 2005 கடைசியில் தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். கூடத்தில் லட்டு கொடுத்தார்கள். ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் குத்தூசியைக் கீழே வைக்கிற நாள் வந்துவிட்டதே என்று ஒரு இது. அந்த இதுவை நினைத்து வெட்கமும் பட்டேன்.

வேலை ஒழியவில்லை. அதே வாசலில் வேறு வரிசை வந்து நின்றது. சர்க்கரைக்காரர்கள். சர்க்கரையிலும் பாதத்தில் உணர்ச்சி போகும், அதே புண், அதே மெத்தை ரப்பர். இதில் பாங்க் மேனேஜர், வக்கீல் எல்லாம் உண்டு. அந்தக் காலத்தில் எந்தச் செருப்பைப் பார்த்து பஸ்ஸில் எழுந்து போனார்களோ, அதே செருப்பைப் போட்டுக்கொண்டு அதே ஜனங்கள். "சூரியனுக்குக் கீழே நூதனமானது ஒன்றுமில்லை" என்று நினைத்துக்கொள்வேன், வாயைத் திறக்க மாட்டேன்.

எனக்கப்புறம் வந்தது ஒரு பெண் பிள்ளை, டிப்ளமோ படித்தவள். முதல் மாதமே, செருப்புத் தைக்கக் கால் வடிவில் வைத்திருந்த என் மரக்கட்டைகளை ஓரம் கட்டினாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் கால் பார்க்கிற விதத்தைக் கவனித்தேன். புறங்கையைப் பாதத்தின்மேல் மெல்ல வைத்து எங்கே சூடு என்று பார்க்கிறாள். சூடான இடத்தில்தான் அடுத்த புண் வரும். இதை நான் அவளுக்குச் சொல்லித் தந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கேட்டதற்கு, "நீங்க பண்றத பாத்துதான் சார்" என்றாள். மூடனா புத்திமானா என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது, பிரசங்கிக்கு ஏன் கிடைக்கவில்லை என்று தெரியவில்லை. ராஜாக்களுக்கு மகன்கள்தான் இருப்பார்கள், உதவியாளர்கள் இருக்க மாட்டார்கள்போல.

2023 நவம்பர் 2, இரவு

கல்லறைக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். கை முழுக்கச் சுண்ணாம்பு.

தாத்தாவுக்குக் கல் கிடையாது. அந்தக் காலத்தில் மண்மேடும் மரச்சிலுவையும்தான், சிலுவையைக் கரையான் தின்றுவிட்டது. வேப்பமரத்துக்குத் தெற்கே மூன்று மேடு இருக்கிறது, அதில் ஒன்று அவர். எது என்று அப்பாவுக்கே கடைசி காலத்தில் சந்தேகம் வந்துவிட்டது. அதனால் நாங்கள் மூன்றுக்கும் சேர்த்துப் புல் பிடுங்கி, மூன்றுக்கும் சுண்ணாம்பு அடித்து, மூன்றிலும் சாமந்தியும் மெழுகுவர்த்தியும் வைப்போம். இந்த வருஷம் நான் போனபோது ஒரு மேட்டுக்கு ஏற்கெனவே யாரோ சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். யார் என்று சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவர்களும் சந்தேகத்தில் அடித்திருக்கலாம். நான் அதன்மேலேயே இன்னொரு கோட்டு அடித்தேன்.

"முன் இருந்தவைகளைப்பற்றி ஞாபகம் இல்லை" என்று மனைவி பக்கத்தில் நின்று வாசித்தாள். "அதான் மூணுக்கும் அடிக்கிறமே" என்றேன். "வாயை மூடிக்கினு மெழுகுவர்த்திய பாருங்க, அணையுது" என்றாள்.

2023 நவம்பர் 3

தம்பி எழுதியதை இப்போதுதான் பார்த்தேன். நேற்று கல்லறைக்குப் போய்விட்டு வந்து பரணை ஒழித்தபோது அப்பாவின் கத்தி கிடைத்ததாம், இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து வில்லாக வளைந்தது, தோலில் ஒட்டிய சதையைச் சீவுகிற கத்தி. மெஷின் வந்த பிறகு கம்பெனியில் வேண்டாம் என்றதும் வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறார். அம்மா பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

போடாதே. துருவை மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் கோணித் துண்டால் தேய். வரவில்லை என்றால் மெல்லிய உப்புத்தாள், ஒரே திசையில் தேய்க்க வேண்டும். காய்ந்ததும் எண்ணெய் தடவு, தேங்காய் எண்ணெய் போதும். வைக்கும்போது பழைய வேட்டித் துணியில் சுற்று, தோலில் சுற்றிவிடாதே, தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பை அரித்துவிடும்.

கைப்பிடி மரத்தில் இரண்டு பக்கமும், கட்டைவிரல் படுகிற இடத்தில், குழிவாக வழுவழுவென்று இருக்கும். அங்கே மட்டும் உப்புத்தாள் போடாதே.